1957இல் மார்ட்டின் லூதர் கிங்குக்குக் கானாவில் என்ன வேலை?

வரலாற்று டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். போன வாரம் ஆப்பிரிக்க நாடுகளின் விடுதலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "மிஸ், கானா சுதந்திரம் அடைந்த அன்றைக்கு மார்ட்டின் லூதர் கிங் அங்கே இருந்தாராமே, அவருக்கு அங்கே என்ன வேலை?" என்றான்.

"கூப்பிட்டிருப்பார்கள், போயிருப்பார்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. என் குறிப்புகளில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம் ஒரு நோட்டில் இருக்கிறது, ஆப்பிரிக்க விடுதலை இன்னொரு நோட்டில். இரண்டையும் சேர்த்து நான் யோசித்ததே இல்லை.

எங்கள் பள்ளியில் இன்னொரு ஆசிரியர், "அமெரிக்காவில் பற்றிய நெருப்புதான் ஆப்பிரிக்காவுக்குப் பரவியது" என்கிறார். எனக்கு வருஷங்கள் இடிக்கின்றன. கானா 1957. கிங்கின் வாஷிங்டன் பேரணி 1963. எதிலிருந்து எது வந்தது? "ஒன்றையொன்று ஊக்குவித்தன" என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள், அது எனக்கே சொல்லத் தெரியும். யார், எப்போது, எங்கே போனார், யாரைப் பார்த்தார் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

பழைய கணக்கன்:

டீச்சர், அந்தப் பையனுக்கு என் சார்பில் ஒரு சபாஷ்.

நான் வரலாறு படித்தவன் இல்லை, பி.காம். கானாவில் டெமா துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் கணக்கு எழுதினேன். குடும்பம் ஊரில். ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாது. ட்ரோட்ரோ பிடித்து (நம் ஷேர் ஆட்டோவுக்குப் பெரியண்ணன் மாதிரி ஒரு வேன், ஆள் நிரம்பினால்தான் கிளம்பும்) தலைநகர் அக்ராவுக்குப் போய்ச் சும்மா சுற்றுவேன். அப்படிச் சுற்றியதில் ஒட்டிக்கொண்டதும், பிறகு அதற்காகவே தேடிப் படித்ததும்தான் கீழே இருப்பது.

"கூப்பிட்டார்கள், போனார்" என்பது தப்பில்லை. கூப்பிட வைத்தது யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பில் சதர்லேண்ட் என்று ஓர் அமெரிக்கக் கறுப்பர். இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி தூக்க மாட்டேன் என்று சொல்லிச் சிறைக்குப் போனவர். 1953இல், அது இன்னும் கோல்ட் கோஸ்ட் என்ற பிரிட்டிஷ் காலனியாக இருந்தபோதே, அங்கே குடியேறிவிட்டார். பிறகு நிதியமைச்சர் கோம்லா பெடேமாவிடம் செயலாளராகச் சேர்ந்தார். அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி ஊரின் பாதிரியாரான கிங்கையும் அழைக்கலாமே என்று காதில் போட்டவர் இவர்தான். இவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடியும் வருவார்.

கிங்குக்கு அப்போது வயது 28. அந்த ஊர்ப் பஸ்களில் நிறப் பிரிவினையை எதிர்த்து 381 நாள் நடந்த புறக்கணிப்பு முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. சொந்தக் காசில் ஆப்பிரிக்கா போகிற நிலையில் அவர் இல்லை. அவருடைய சபை மக்களும் புறக்கணிப்பை நடத்திய சங்கமும் பணம் போட்டு அவரையும் மனைவி கொரெட்டாவையும் அனுப்பிவைத்தார்கள்.

மார்ச் 5 ராத்திரி பழைய சட்டசபையின் கடைசிக் கூட்டம். கிங் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். விடுதலைப் போராட்டத் தலைவரும் பிரதமருமான நக்ருமாவும் சகாக்களும் உள்ளே வருகிறார்கள். அரசாங்கத்தை ஏற்கப் போகிறவர்கள் கோட்டு சூட்டில் வருவார்கள் என்றுதானே நினைப்போம்? தலையில் சிறைத் தொப்பியோடு வந்தார்கள். அவர்கள் கட்சியில் ஜெயிலுக்குப் போனவர்களுக்குப் 'பி.ஜி.' என்று பட்டம், சிறைப் பட்டதாரி என்று அர்த்தம். 1950இல் வேலைநிறுத்தம், புறக்கணிப்பு என்று 'நேரடிச் செயல்' இயக்கம் நடத்தியதற்காக நக்ருமாவை உள்ளே போட்டார்கள். 1951 பிப்ரவரித் தேர்தலில் சிறையிலிருந்தபடியே ஜெயித்தார். ஆட்சி அமைக்கச் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்கள். முந்தின வருஷம்தான் தானும் கைதாகி, வீட்டில் குண்டு வீசப்பட்டு, வழக்கும் போடப்பட்ட ஒரு பாதிரியார் அந்தத் தொப்பியைப் பார்க்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள். ஊருக்குத் திரும்பி அடுத்த மாதம் செய்த பிரசங்கத்தில் அந்தத் தொப்பியைத் தனியாகக் குறிப்பிட்டார். நள்ளிரவில் மைதானத்தில் பிரிட்டிஷ் கொடி இறங்கிப் புதுக் கொடி ஏறியபோது தன்னை அறியாமல் அழுததையும் சொன்னார்.

அந்த மைதானம் பழைய போலோ மைதானம். வெள்ளைக்காரத் துரைமார் குதிரையில் பந்தடித்த இடம். இப்போது நக்ருமாவின் சமாதி அங்கேதான். எங்கள் ஆபீசில் ஓய்வுபெறும் வயதில் ஒரு கேஷியர் இருந்தார். அந்த ராத்திரி அவருக்கு ஐந்து வயது, அப்பா தோளில் உட்கார்ந்து போயிருக்கிறார். "என்ன பார்த்தீர்கள்?" என்று ஆசையாகக் கேட்டேன். "தூங்கிவிட்டேன். சத்தம் கேட்டு முழித்தேன், பயந்து அழுதேன், அப்பா அடித்தார்" என்றார். கானா விடுதலையை நேரில் பார்த்த ஒருவரிடம் எனக்குக் கிடைத்த வாக்குமூலம் இவ்வளவுதான்.

சரி, உங்கள் சக ஆசிரியர் சொன்ன நெருப்புக்கு வருகிறேன். அவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் அந்த நெருப்பு கிங் காலத்தது அல்ல, அதற்கு 20 வருஷம் முந்தையது. நக்ருமா 1935இல் அமெரிக்கா போய் பென்சில்வேனியாவில் லிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அது கறுப்பின மாணவர்களுக்காக ஏற்பட்ட கல்லூரி. பின்னாளில் நைஜீரியாவின் முதல் ஜனாதிபதியான அசிகிவே அவருக்கு முன்பே அங்கே படித்தவர். பள்ளிகளில் நிறப் பிரிவினையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வாதாடி ஜெயித்த தர்குட் மார்ஷலும் அங்கே படித்தவர்தான். நக்ருமா அமெரிக்காவில் பத்து வருஷம் இருந்தார். நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழும் ஹார்லெம் பகுதித் தெருவில் மீன் விற்றார், சோப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், கோடை விடுமுறையில் கப்பலில் பாத்திரம் கழுவினார். மீன் வியாபாரத்தில் உடம்பெல்லாம் தடித்துவிட்டதாம். ஹார்லெம் தெருமுனைகளில் பெட்டி மேல் ஏறி நின்று பேசுகிறவர்களை மணிக்கணக்கில் கேட்டவர் அவர்.

1945இல் லண்டன் புறப்படும்போது டிரினிடாட்காரரான சி.எல்.ஆர். ஜேம்ஸ் ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்தார். அதன் சாரம்: ஆள் பெரிய கெட்டிக்காரர் இல்லை, இருந்தாலும் முடிந்த உதவியைச் செய், ஐரோப்பியரை ஆப்பிரிக்காவிலிருந்து விரட்டியே தீருவேன் என்று நிற்கிறார். (இப்படி ஒரு சிபாரிசுக் கடிதத்தோடு இண்டர்வியூவுக்குப் போய்க் கடைசியில் பிரதமரானவர் வேறு யாராவது உண்டா?) கடிதம் போனது ஜார்ஜ் பேட்மோர் என்ற இன்னொரு டிரினிடாட்காரருக்கு. யூஸ்டன் ரயில் நிலையத்துக்கே வந்து நக்ருமாவைக் கூட்டிப்போனார். அதே வருஷம் அக்டோபரில் இரண்டு பேரும் சேர்ந்து மான்செஸ்டரில் ஐந்தாவது பான்-ஆப்பிரிக்க மாநாட்டை (எங்கிருந்தாலும் ஆப்பிரிக்க வம்சத்தார் ஒன்றுசேர வேண்டும் என்பவர்களின் மாநாடு) நடத்தினார்கள். 77 வயதில் அமெரிக்காவிலிருந்து வந்து தலைமை வகித்தவர் டூபாய்ஸ், கறுப்பின உரிமைக்காக எழுதிய பெரிய அறிஞர். கென்யாவின் ஜோமோ கென்யாட்டா வந்திருந்தார். செலவில் பெரும்பங்கு யாருடையது தெரியுமா? பிரிட்டிஷ் கயானாவில் பிறந்து மான்செஸ்டரில் ஹோட்டல் நடத்திய ராஸ் மக்கோனென். மாநாட்டுக்காரர்களுக்குச் சாப்பாடும் அவர் கடைகளில்தான். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த ஆள் இவர். கணக்கன் இல்லையா, பில் யார் கட்டியது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஆக, போன வழி இது: ஹார்லெம், லண்டன், மான்செஸ்டர், அக்ரா.

இனி திரும்பி வந்த வழி. சுதந்திரம் கிடைத்து ஏழு மாதம். 1957 அக்டோபரில் நிதியமைச்சர் பெடேமா அமெரிக்காவில் இருக்கிறார், கூடவே நம் சதர்லேண்ட். டெலவேர் மாநிலம் டோவரில், நெடுஞ்சாலை ஓரம் ஒரு ஹோவர்ட் ஜான்சன் ஹோட்டலில் இரண்டு ஆரஞ்சு ஜூஸ் கேட்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டார்கள், ஜூஸும் வந்தது. ஆனால் கறுப்பர்கள் இங்கே உட்கார்ந்து குடிக்கக்கூடாது, வெளியே எடுத்துப் போங்கள் என்றார்கள். தன் அடையாள அட்டையைக் காட்டினார் பெடேமா. எடுபடவில்லை. ஏழு மாதத்துக்கு முன் அமெரிக்கத் துணை ஜனாதிபதி நிக்சன் கானாவில் என் வீட்டில் சாப்பிட்டார், இவர் ஊரில் எனக்கு ஜூஸ் கிடையாதா என்று பத்திரிகைகளிடம் சொல்லிவிட்டார். உலகம் முழுக்கச் செய்தி. ஜனாதிபதி ஐசன்ஹோவர் பதறிப்போய் அவரை வெள்ளை மாளிகைக்குக் காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்.

டெலவேரில் பிறந்த ஒரு கறுப்பருக்கு அதே கடையில் இதே கதி தினமும் நடந்தது. அவரை யாரும் சாப்பாட்டுக்குக் கூப்பிடவில்லை. ஒரு புது நாடு பிறந்து, அதற்கு ஒரு நிதியமைச்சர் வந்து, அவருக்குத் தாகம் எடுத்த பிறகுதான் வாஷிங்டனுக்கு அது சங்கடமாகத் தெரிந்தது. உங்கள் பையனின் கேள்விக்குக் கொஞ்சம் நீளமான பதில் இதுதான்.

எதிர்க்கட்சி:

கணக்கன் சார், நன்றாகத்தான் தேர் இழுக்கிறீர்கள். ஆனால் நிக்சன் கதையை விட்டுவிட்டீர்களே? அக்ரா விழாவில் பக்கத்தில் நின்ற ஒரு கறுப்பரின் தோளைத் தட்டி, "சுதந்திர மனிதனாக இருப்பது எப்படி இருக்கிறது?" என்று கேட்டாராம். "எனக்கெப்படித் தெரியும், நான் அலபாமாக்காரன்" என்றாராம் அவர்.

இன்னொன்று. நக்ருமாவை இவ்வளவு தூக்கி வைக்காதீர்கள். 1958இலேயே விசாரணை இல்லாமல் ஆளை உள்ளே வைக்கும் தடுப்புக் காவல் சட்டத்தைக் கொண்டுவந்தார். அவரை அரசியலுக்கு அழைத்துவந்த கட்சியின் மூத்த தலைவர் டான்குவா 1965இல் அதே சட்டத்தின் கீழ் சிறையில் செத்தார். சிறைத் தொப்பி போட்டவர் அடுத்தவருக்கும் தொப்பி தைத்தார். டீச்சர் வகுப்பில் இதையும் சொல்ல வேண்டும்.

ஸ்டூடியோக்காரர்:

கானா பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் இந்தத் தலைப்பைப் பார்த்ததும் கேமரா ஞாபகம் வந்துவிட்டது.

முன்பு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். அவசரமாகப் பாஸ்போர்ட் போட்டோ கேட்பவர்களுக்கு போலராய்டு. நாலு லென்ஸ், ஒரே அழுத்தில் நாலு படம், ஒரு நிமிஷம் கழித்து உரித்துக் கொடுத்தால் காசு. இந்தக் கம்பெனிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது என்று கடையை மூடிய பிறகுதான் தெரிந்தது.

1970. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ், கேம்பிரிட்ஜ். போலராய்டு கம்பெனியில் கரோலின் ஹண்டர் என்ற கறுப்பினப் பெண், வேதியியல் வேலை. கென் வில்லியம்ஸ் அதே கம்பெனியில் போட்டோகிராபர். மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது அறிவிப்புப் பலகையில் ஒரு மாதிரி அடையாள அட்டையைப் பார்க்கிறார்கள். தென்னாப்பிரிக்கச் சுரங்கத் துறை என்று அதில் போட்டிருக்கிறது. நம் கம்பெனிக்கு அங்கே என்ன வியாபாரம் என்று தோண்டினால், கறுப்பர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகத்துக்குப் படம் எடுக்க இந்தக் கேமராதான் பயன்படுகிறது. அங்கே அதை 'டொம்பாஸ்' என்பார்கள். அது கையில் இல்லாமல் நகரத்தில் அகப்பட்டால் ஜெயில்.

இரண்டு பேரும் 'போலராய்டு கறுப்பர்களை 60 நொடியில் சிறைப்பிடிக்கிறது' என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினார்கள். உலகம் முழுக்கப் புறக்கணிப்புக்கு அழைத்தார்கள். 1971 பிப்ரவரியில் ஐ.நா. போய்ச் சாட்சி சொன்னார்கள். அதே மாதம் ஹண்டருக்கு வேலை போனது. கம்பெனி ஆள் அனுப்பி ஆராய்ந்தது, அங்கே வேலை செய்யும் கறுப்பர்களுக்குச் சம்பளம் உயர்த்துகிறோம் என்று பத்திரிகைகளில் பெரிய விளம்பரம் போட்டது, வியாபாரத்தை மட்டும் விடவில்லை. அங்குள்ள விற்பனையாளர், அரசாங்கத்துக்கு விற்க மாட்டோம் என்ற வாக்கை மீறி அரசாங்கத்துக்கே சரக்கு தள்ளிக்கொண்டிருந்தது 1977இல் அம்பலமானது. அப்புறம்தான் வெளியேறினார்கள். ஏழு வருஷம்.

லேப்பில் வேலை பார்க்கிற ஒரு பெண் பலகையில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்து நின்றாள் என்பதை என்னால் மறக்க முடியவில்லை. நான் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் எந்த அட்டை எங்கே போனது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பழைய கணக்கன்:

ஸ்டூடியோக்காரரே, அந்த நோட்டீஸ் வாசகத்துக்காகவே உங்களுக்கு ஒரு டீ கடன்.

எதிர்க்கட்சியாரே, டான்குவா விஷயத்தில் மறுப்பே இல்லை. எங்கள் கேஷியரின் அப்பா டான்குவா ஆள். நக்ருமா பெயரை அவர் வீட்டில் எடுக்க முடியாது. ஆனால் அலபாமா ஜோக்கைக் கரும்பலகையில் எழுத வேண்டாம் டீச்சர். ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள், ஆள் யார் என்று ஒருவரும் சொல்வதில்லை. உண்மையில் நடந்ததே அதைவிட நன்றாக இருக்கிறது. அக்ராவில் நிக்சனை நேருக்கு நேர் பார்த்த கிங், நீங்கள் இங்கே கொண்டாடுகிற அதே சுதந்திரத்தைத்தான் நாங்கள் அலபாமாவில் தேடுகிறோம், அங்கேயும் ஒரு தடவை வாருங்கள் என்றார். அமெரிக்காவிலேயே அவரைச் சந்திக்க முடியாத பாதிரியார், அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து சந்தித்தார்.

ஜூஸ் கதையில் ஒரு நெருடலை விட்டுவிட்டேன். கடைக்காரரிடம் பெடேமா சொன்னதில், இங்கே உட்கார்ந்து குடிக்கிறவர்கள் அந்தஸ்தில் எனக்குக் கீழே, அவர்கள் குடிக்கலாம் நான் கூடாதா என்பதும் உண்டு. அதாவது எல்லோருக்கும் கொடு என்று அவர் கேட்கவில்லை, அமைச்சருக்குக் கொடு என்றுதான் கேட்டார். அமெரிக்க அரசும் அப்படித்தான் புரிந்துகொண்டது. 1960இல் மட்டும் 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றன. நியூயார்க்கில் ஐ.நா., வாஷிங்டனில் தூதரகங்கள், இடையில் 40ஆம் எண் நெடுஞ்சாலை. 1961இல் சாட் நாட்டுத் தூதருக்கு மேரிலாந்தில் அந்தச் சாலையோரக் கடையில் காபி மறுத்துவிட்டார்கள். கென்னடி அரசு ஆள் அனுப்பி, தூதர்கள் வந்தால் மறுக்காதீர்கள் என்று கடைக்காரர்களிடம் கெஞ்சியது.

இதைப் பார்த்த பால்டிமோர் கறுப்பினப் பத்திரிகை ஒன்றின் நிருபர்கள் மூன்று பேர் ஒரு வேலை செய்தார்கள். வாடகைக்குப் பெரிய கார் எடுத்து, ஒருவர் அங்கி போட்டு, 'கோபன்' நாட்டு நிதியமைச்சரும் பரிவாரமும் என்று அதே சாலையில் போனார்கள். அப்படி ஒரு நாடே கிடையாது. சில கடைகளில் ராஜ உபசாரம்! வேஷம் இல்லாமல் போயிருந்தால் வாசலோடு திருப்பியிருப்பார்கள். அந்த வருஷக் கடைசியில் மாணவர்கள் அதே சாலையில் கடை கடையாக உட்கார்ந்து போராடினார்கள். கடைகளில் நிறம் பார்த்து மறுக்கக்கூடாது என்று மேரிலாந்தில் 1963இல் சட்டம் வந்தது.

மார்ஷலைப் பற்றி ஒரு வரி. கென்யாவுக்கு அரசியல் சட்டம் பேச 1960இல் லண்டனில் கூடியபோது, கென்யத் தலைவர் டாம் எம்போயா அழைப்பில் அடிப்படை உரிமைகளை எழுதிக் கொடுத்தவர் அவர். பெரும்பான்மைக் கறுப்பர் நாட்டில் யாருக்குப் பாதுகாப்பு? சிறுபான்மைக்கு. அதாவது வெள்ளைக் குடியேறிகளுக்கும் இந்தியக் கடைக்காரர்களுக்கும். அமெரிக்காவில் சிறுபான்மைக்காகப் பழகிய கை அங்கேயும் அதே பக்கம்தான் எழுதியது.

கடைசியாக டூபாய்ஸ். கானா விழாவுக்கு அவருக்கும் அழைப்பு இருந்தது. அமெரிக்க அரசு பாஸ்போர்ட் தரவில்லை. 1961இல் ஒருவழியாக அக்ராவுக்கு வந்து, ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியம் ஒன்றுக்கு வேலை தொடங்கினார். வயது 93. இரண்டு வருஷத்தில் கானா குடிமகன் ஆனார். 1963 ஆகஸ்ட் 27 அன்று போய்ச் சேர்ந்தார். மறுநாள்தான் கிங்கின் வாஷிங்டன் பேரணி. மேடையிலிருந்து மரணச் செய்தியை அறிவித்தார்கள். கன்டோன்மென்ட்ஸ் பகுதியில் அவர் இருந்த வீட்டு வளாகத்திலேயே கல்லறை. நான் போன ஞாயிறு அங்கே என்னைத் தவிர ஒரு பூனை மட்டும் இருந்தது.

வரலாற்று டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நோட்டையும் சேர்த்துத் தைத்தாயிற்று. ஜோக்கை எழுதவில்லை, டான்குவாவைச் சொன்னேன்.

ஒரு பீரியட் முழுக்க இதுதான் ஓடியது. மணி அடிக்கும்போது அதே பையன் மறுபடி கையைத் தூக்கினான். "அந்த ஜூஸுக்குக் கொடுத்த காசைத் திருப்பிக் கொடுத்தார்களா, மிஸ்?"

பழைய கணக்கன்:

இல்லை. ஜூஸையும் மிச்சச் சில்லறையையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இது இத்தோடு முடியாது என்று சொல்லிவிட்டுப் பெடேமா வெளியே போய்விட்டார்.

பையனை பி.காம். சேரச் சொல்லுங்கள்.